அக்கா, ஒரு டவுட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், நீங்கள் யார்?

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. பதினான்கு வருடமாக மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். சொந்த ஊர் உடுமலை பக்கம். ஊருக்குப் போனால், கல்யாண வீட்டில் இலை போடுவதற்கு முன்பே யாராவது ஒருவர் போனை நீட்டிவிடுவார். முன்பெல்லாம் என் தம்பியிடம்தான் நீட்டுவார்கள். அவன் சிவில் இன்ஜினியர். போனை வாங்கி இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, சமையல்கட்டில் இருக்கும் என்னிடம் கொண்டு வருவான். இப்போது இடையில் தரகர் இல்லாமல் நேராக வருகிறார்கள். ஒரே பதிலைப் பலருக்குச் சொல்லிச் சலித்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். எல்லாம் சொந்த அபிப்பிராயம். எந்தக் கம்பெனியும் எனக்கு ஒரு டெம்பர் கிளாஸ்கூடக் கொடுத்ததில்லை.

எந்த போன் வாங்கலாம்?

இப்போது வைத்திருப்பதற்கு என்ன குறை? இதைத்தான் முதலில் கேட்பேன். பாதிப் பேர் இதற்குப் பதில் சொல்லும்போதே வாங்கும் யோசனையைக் கைவிட்டுவிடுகிறார்கள். சார்ஜ் நிற்கவில்லை என்றால் பேட்டரி மாற்றலாம். இடம் இல்லை என்றால் துடைத்து எடுக்கலாம். பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுபோய், அதே போனில் பேங்க் ஆப்பும் இருக்கிறது என்றால் மட்டும் நான் மாற்றச் சொல்வேன்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் கடைக்காரர் கேமராவைப் பற்றியே பேசுவார். நீங்கள் எத்தனை வருடம் அப்டேட் வரும் என்று கேளுங்கள். கூகுள் 2023இல் பிக்சல் 8 போனுக்கும், சாம்சங் 2024இல் எஸ்24 வரிசைக்கும் ஏழு வருட அப்டேட் என்று அறிவித்தன. விலை குறைந்த போன்களில் இரண்டு மூன்று வருடத்திலேயே கதை முடிந்துவிடுவதும் உண்டு. 15,000 ரூபாய் போன் மூன்று வருடம் ஓடினால் வருடத்துக்கு 5,000. 28,000 ரூபாய் போன் ஏழு வருடம் ஓடினால் வருடத்துக்கு 4,000. அப்புறம், சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். உடுமலையிலிருந்து கோவைக்கு ஒரு டிஸ்ப்ளே மாற்ற மூன்று தடவை பஸ் ஏறிய அனுபவம் எனக்கு உண்டு.

200 மெகாபிக்சல் கேமராவா? எடுத்த படம் வாட்ஸ்அப்பில் சுருங்கித்தானே போகிறது.

அம்மா போன் எப்போதும் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்கிறதே?

போன தீபாவளிக்கு என் அம்மாவின் போனைத் திறந்து பார்த்தேன். 64 ஜிபி போன். அதில் வாட்ஸ்அப் மட்டும் 31 ஜிபி. சூரியகாந்தி மேல் 'காலை வணக்கம்', ரோஜா மேல் 'இனிய வியாழன்', பழனி முருகன், ஏதோ ஒரு டாக்டர் வெந்தயத்தைப் பற்றிப் பேசும் வீடியோ. அந்த வெந்தய வீடியோ ஆறு குரூப்பிலிருந்து ஆறு தடவை வந்து ஆறு இடத்தில் உட்கார்ந்திருந்தது.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அதில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதில் மேனேஜ் ஸ்டோரேஜ். 5 எம்பிக்கு மேல் உள்ளவை, பலமுறை பார்வர்ட் ஆனவை என்று அதுவே பிரித்து வைத்திருக்கும். அங்கிருந்தே அழிக்கலாம். அதே ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பக்கத்தில் மீடியா ஆட்டோ டவுன்லோடையும் நிறுத்திவிடுங்கள். இனி தொட்டால்தான் படம் இறங்கும்.

அம்மா மட்டும், "கண்ணு, சாமி படத்தை அழிக்காதே" என்றார். சரி என்று சாமி படங்களை மட்டும் ஒரு பென் டிரைவுக்குக் குடியேற்றினேன். அது இப்போது பூஜை அறையில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

'போன் க்ளீனர்' என்று விளம்பரத்தில் வரும் ஆப்களைப் போடாதீர்கள். அவைதான் முதல் குப்பை.

ஆப்களை மேலே தள்ளித் தள்ளி மூடினால் பேட்டரி மிச்சமாகுமா?

ஆகாது. தேவைப்பட்டால் போனே மூடிக்கொள்ளும். நீங்கள் மூடிவிட்டு ஐந்து நிமிடத்தில் மறுபடி திறந்தால் ஆரம்பத்திலிருந்து ஏற்ற வேண்டி வந்து, செலவு கூடத்தான் செய்யும். உறைந்துபோய் நிற்கிற ஆப்பை மட்டும் தள்ளினால் போதும்.

ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டால் வெடிக்குமா?

நல்ல சார்ஜர், நல்ல கேபிள் என்றால் வெடிக்காது. நிறைந்ததும் போன் தானே நிறுத்திக்கொள்ளும். ஆனால் பேட்டரி முழுக்க நிறைந்த நிலையிலேயே, அதுவும் சூட்டில், மணிக்கணக்கில் கிடந்தால் அதன் ஆயுள் குறையும். இப்போது பல போன்களில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறது. வீட்டிலேயே இருப்பவர்கள் அதைப் போட்டுவைக்கலாம்.

லித்தியம் அயான் பேட்டரியை உருவாக்கியவர்களுக்கு 2019இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். நோபல் வாங்கிய பேட்டரியாக இருந்தாலும் நம் மே மாத வெயிலைத் தாங்காது. சார்ஜில் போட்ட போனைத் தலையணைக்கு அடியில் வைப்பது, கார் டேஷ்போர்டில் வெயிலில் விடுவது, சார்ஜ் ஏறும்போதே கேம் ஆடுவது, இந்த மூன்றையும் விட்டால் போதும். மற்றபடி சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே வாழ வேண்டாம்.

10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 5,000 எம்ஏஎச் போனை இரண்டு தடவை ஏற்ற வேண்டும் அல்லவா? ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்று இல்லை. அட்டையில் பெரிய எழுத்தில் போடுகிற 10,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு. செல் 3.7 வோல்ட், அப்படியானால் 37 வாட் மணி. அதை 5 வோல்ட்டாக மாற்றி வெளியே அனுப்பும்போது 7,400 ஆகிவிடும். மாற்றுவதிலும் கேபிளிலும் சூடாகப் போவது போக, கைக்கு 6,000 சொச்சம் வரும். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று இருப்பது இதுதான். போனின் 5,000 என்பதும் 5 வோல்ட் கணக்கு இல்லை, செல்லின் கணக்குத்தான். அதனால் 5,000 எம்ஏஎச் போனை ஒன்றரைத் தடவை ஏற்றினாலே அது யோக்கியமான பவர் பேங்க்.

விமானத்தில் 100 வாட் மணி வரை கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். செக் இன் பெட்டியில் கூடாது.

விண்டோஸ் 10 நின்றுவிட்டதாமே, லேப்டாப்பைத் தூக்கிப் போடவா?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கு இலவச அப்டேட் நின்றுவிட்டது. வீட்டுக் கணினிகளுக்குக் கூடுதலாக ஒரு வருடப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் பதிந்துகொள்ளலாம். விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். 2017க்கு முன்பு வாங்கியது என்றால் அநேகமாகத் தேறாது. இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், சான்றிதழ் மட்டும் கிடைக்காது.

என் அப்பாவின் லேப்டாப் 2014இல் வாங்கியது. சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்க் காபி ஆற்றிக் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கும். பின்பக்கம் பதினொரு ஸ்க்ரூ. கழற்றிப் பார்த்தால் பேனில் பூனைமுடி மாதிரி தூசி, ஒரு பழைய ஹார்ட் டிஸ்க், 4 ஜிபி ராம். தூசியைப் பெயின்ட் பிரஷால் தட்டினேன். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமாக ஓடும் ஒரு சாதாரண எஸ்எஸ்டி, பக்கத்தில் இன்னொரு 4 ஜிபி ராம். கடைசியில் ஒரு ஸ்க்ரூ மிச்சமாகி டேபிளில் கிடந்தது, இன்றுவரை அது எங்கே போக வேண்டியது என்று தெரியவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டேன். இப்போது அரை நிமிடத்துக்குள் திரை வந்துவிடுகிறது. அப்பா செய்வது பேப்பர் படிப்பது, யூடியூபில் கச்சேரி கேட்பது, எல்ஐசி பிரீமியம் கட்டுவது. மூன்றுக்கும் அது தாராளம்.

லினக்ஸ் நமக்கெல்லாம் சரிப்பட்டு வருமா?

உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவது லினக்ஸின் கெர்னல் என்கிற மையப் பகுதிதான், அதனால் ஏற்கெனவே சரிப்பட்டு வந்துகொண்டிருக்கிறது. 1991இல் ஹெல்சின்கியில் 21 வயது மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், இது சும்மா பொழுதுபோக்கு, பெரிதாக வராது என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்.

ஆனால் எல்லோருக்கும் நான் சொல்ல மாட்டேன். என் மாமா கடைக்குக் கணக்கு எழுதும் டேலி மென்பொருள் வேண்டும். அது விண்டோஸில் ஓடுகிற சரக்கு. ஆடிட்டர் கொடுத்த டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் விண்டோஸைத்தான் எதிர்பார்க்கிறது. "உனக்குப் பிடித்தது என்பதற்காக என் யாவாரத்தில் கை வைக்காதே" என்றார். அவர் சொல்வது நியாயம்.

தமிழில் டைப் அடிக்க எது நல்லது?

இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனில் பெரும்பாலோர் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றுகிறார்கள். எப்போதாவது ஒரு வரி அடிக்க அது போதும். நிறைய அடிப்பவருக்கு அது தலைவலி. பலம், பழம், பாலம், பள்ளம் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே ஆங்கில எழுத்துகள்தான். எது வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் மேலே பார்த்துத் தொட வேண்டும். சொல்லைத் தமிழில் யோசித்து, மனதுக்குள் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி, மறுபடி தமிழாக்கி... எதற்கு இந்தச் சுற்று?

கணினியில் தமிழ் 99. அது 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்து, தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். அதிகம் வரும் க, ப, ம, த, ந, ய ஆறும் வலது கை ஓய்வெடுக்கும் நடுவரிசையில். இதைவிட அழகு என்னவென்றால், ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு. 'சங்கு' என்பதற்கு ச, ங, க, உ. ங-வுக்குப் பின் க வந்தால் ங-வுக்குப் புள்ளி வேண்டும் என்று அதற்குத் தெரியும். நம் இலக்கண வாத்தியார் சொன்ன இன எழுத்து, கீபோர்டுக்குள் உட்கார்ந்து வேலை செய்கிறது.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இது ஏற்கெனவே இருக்கிறது, மொழி செட்டிங்கில் சேர்த்தால் போதும். எனக்குக் கை பழக இரண்டு வாரம் ஆனது. முதல் வாரம் தினமும் திட்டினேன். இந்தப் பதில்கள் அத்தனையும் அதில் அடித்தவைதான்.

டிடிபி சென்டரில் அடித்து வாங்கிய பழைய தமிழ் ஃபைல் இப்போது திறந்தால் ஒரே கிறுக்கலாக இருக்கிறது. வைரஸா?

வைரஸ் இல்லை. பெரியப்பா ஒருவர் இதே கேள்வியோடு வந்தார். குலதெய்வக் கோயில் வரலாற்றை 2003இல் அடித்து சிடியில் வைத்திருந்தார். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சதுரக்கட்டமுமாக முப்பது பக்கம். பாவம், முகமே வாடிவிட்டது.

விஷயம் இதுதான். அந்தக் காலத்து எழுத்துருக்கள் பலவற்றில் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று கண்ணுக்குத் தெரிவது, ஃபைலுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கும். பாமினி இல்லாத கணினிக்கு அது வெறும் எம்கே. ஒவ்வொரு எழுத்துருக்காரரும் ஒவ்வொரு மாதிரி இடம் போட்டிருந்தார்கள். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் 1991இலேயே தமிழுக்குத் தனி இடம் கிடைத்தும், அச்சகங்களும் அலுவலகங்களும் பழையதை விட நீண்ட காலம் பிடித்தது. விட்டுவிட்டார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது, பல அச்சகங்களில் இன்றும் பத்திரிகை அடிப்பது அப்படித்தான்.

தீர்வு: அடித்த இடத்தில் எந்த எழுத்துரு என்று விசாரியுங்கள், அல்லது ஃபைலில் எழுத்துருப் பெயரைப் பாருங்கள். பெயர் தெரிந்தால், என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிடலாம். பெரியப்பாவின் முப்பது பக்கமும் பத்து நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டது. அதற்கப்புறம் எழுத்துப்பிழை திருத்தத்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் ஏன் இரண்டு மூன்றாகக் கழிகிறது?

ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. யூனிகோடில் போனால் 70 தான். அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி எண்ணிக்கை. 'வணக்கம்' என்பது நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு ஏழு.

1 டிபி டிஸ்க் வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது. மிச்சம் எங்கே?

எங்கேயும் போகவில்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. பக்கா படி, கடைப் படி மாதிரி.

பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வைக்கலாமா?

அலுவலகத்தில் பாதுகாப்பு பற்றி வகுப்பு எடுப்பவர்கள் கேட்டால் என்னைத் திட்டுவார்கள். ஆனாலும் சொல்கிறேன், வீட்டு பீரோவில் இருக்கும் ஒரு நோட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைப்பதைவிட எவ்வளவோ மேல். திருடன் பீரோவைத் திறந்தால் நகையைப் பார்ப்பானா, நோட்டைப் பார்ப்பானா? முடிந்தவர்கள் பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் பிட்வார்டன், கீபாஸ் மாதிரி ஆப் ஒன்றைப் பழகுங்கள். முடியாதவர்கள் நோட்டு போடுங்கள். யுபிஐ பின்னை மட்டும் நோட்டிலும் எழுத வேண்டாம்.

வீடியோ காலில் போலீஸ் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்கிறார்கள்...

வையுங்கள் போனை. நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. எந்தப் போலீசும் வீடியோ காலில் உட்காரவைத்துப் பணம் கேட்காது. பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள், நேரம் ஆக ஆகப் பணம் கைமாறிக்கொண்டே போகும். இன்னொன்று: யுபிஐயில் பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை. 'பணம் அனுப்புகிறேன், பின்னைப் போடுங்கள்' என்று யார் சொன்னாலும் அது உங்கள் பணம் வெளியே போகிற வழி.

நீங்கள் வாங்கியதிலேயே உருப்படியான கேட்ஜெட் எது?

சிரிக்கக் கூடாது. பிஎல்டிசி சீலிங் பேன், அதாவது குறைந்த கரண்டில் ஓடும் பிரஷ் இல்லாத மோட்டார் போட்ட பேன்.

பழைய பேன் 75 வாட் இழுக்கும், இது 30 வாட்டுக்குப் பக்கம். நாளுக்குப் பதினான்கு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு பேனுக்குச் சுமார் 38 யூனிட் மிச்சம். மூன்று பேன் மாற்றினோம், 110 யூனிட்டுக்கு மேல் குறைந்தது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், அது 500 யூனிட்டைத் தாண்டினால் 101இலிருந்து 200 வரையுள்ள யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏறும். எங்கள் வீடு சரியாக அந்த விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. கரண்ட் போனால் இன்வெர்ட்டரிலும் கூடுதல் நேரம் ஓடுகிறது.

ஒரே சிக்கல் ரிமோட். அம்மிச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, சுவரில் திருகினால்தான் பேன். பழைய ரெகுலேட்டரை எலக்ட்ரீஷியன் எடுக்காமல் விட்டுவிட்டார், அம்மிச்சி அதைத் திருகத் திருகப் பேன் முக்கி முனகி நின்றது. இந்த பேனுக்கு ரெகுலேட்டர் வழியாகக் கரண்ட் போகக் கூடாது, நேராகத்தான் போக வேண்டும். மறக்காமல் எடுக்கச் சொல்லுங்கள். ரிமோட்டைக் கயிறு கட்டிக் கட்டிலில் தொங்கவிட்டிருக்கிறோம்.

ஸ்மார்ட் வாட்ச்?

ஒரு வருடம் கட்டினேன். நான் சரியாகத் தூங்கவில்லை என்று தினமும் காலையில் சொன்னது. அது எனக்கே தெரியும். இப்போது தம்பி கட்டியிருக்கிறான்.

ஏஐயிடம் கேட்டு எழுதலாமா?

நான் வேலையில் தினமும் பயன்படுத்துகிறேன். டெஸ்ட் கேஸ் எழுத, புரியாத எர்ரரைப் புரிந்துகொள்ள நல்ல கைத்துணை. தமிழில் கடிதம் கேட்டால்தான் சில சமயம் சிரிப்பு வரும். பையன் பள்ளிக்கு விடுப்புக் கடிதம் கேட்டேன், 'இக்கடிதம் தங்களை நல்ல உடல்நலத்தில் கண்டடையும் என நம்புகிறேன்' என்று ஆரம்பித்தது. ஐயா, வணக்கம், பையனுக்குக் காய்ச்சல் என்றால் போதாதா? மருந்து அளவு, சட்டம், ரயில் நேரம் இவற்றை மட்டும் அது சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தப்பையும் அதே தெளிவோடு சொல்லும்.

போட்டோக்களை எங்கே வைப்பது?

இரண்டு இடத்தில். அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. ஒரு கடையில் கீபோர்டு மாற்றக் கொடுத்த என் லேப்டாப், சுத்தமாக ஃபார்மேட் ஆகித் திரும்பி வந்தது. 'வைரஸ் இருந்துச்சுங்க, எடுத்துட்டோம்' என்றார் பையன் பெருமையாக. அதோடு பாப்பாவின் முதல் எட்டு மாதமும் போனது. மிஞ்சியது மாமியாரின் போனுக்கு நான் அனுப்பிய நாற்பது படம். அதற்கப்புறம் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வீட்டில், இன்னொன்று அம்மா வீட்டில். ஊருக்குப் போகும்போதெல்லாம் மாற்றி எடுத்து வருகிறேன். சர்வீசுக்குக் கொடுக்கும் முன் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்வேன், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

சரி, இதில் இல்லாத டவுட் இருந்தால்?

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்கு அப்புறம். லேப்டாப் கொண்டு வந்தால் சார்ஜரையும் கொண்டு வாருங்கள். எர்ரர் வந்தால் 'ஏதோ வந்துச்சு, ஓகே குடுத்துட்டேன்' என்று சொல்லாமல், ஓகே கொடுப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து வையுங்கள். பந்தியில் மட்டும் வேண்டாம், கை காரமாக இருக்கும்.